முழு ஃபிலிம் ரோலை ஸ்கேன் செய்ய எந்தக் கருவி?

கேள்வி: வெட்டப்படாத 35 மி.மீ. நெகட்டிவ் ரோல்கள் பல உள்ளன. ஒவ்வொரு ஃபிரேமாகக் கையால் நகர்த்தாமல், 36 ஃபிரேம்களையும் ஒரே மூச்சில் ஸ்கேன் செய்யும் கருவி எது?

பதில் 1: நிக்கான் கூல்ஸ்கேன் 5000 இடி கருவியில் எஸ்ஏ-30 அடாப்டரைப் பொருத்தினால், 40 ஃபிரேம் வரை தானாகவே இழுத்துக்கொள்ளும். தயாரிப்பு நின்றுவிட்டதால் பழையதைத்தான் தேட வேண்டும். அடாப்டர் சேர்ந்து வருகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

பதில் 2: வண்ணமா, கறுப்பு வெள்ளையா? இத்தகைய ஸ்கேனர்களில் அகச்சிவப்புக் கதிரால் தூசித் தடங்களை நீக்கும் வசதி, வெள்ளித் துகள்கள் அக்கதிரை மறிப்பதால், வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிமில் பயன்படாது.

கேட்டவர்: எல்லாம் கறுப்பு வெள்ளைதான்.

பதில் 2: அப்படியெனில், பின்னொளிப் பலகைமீது ரோலை நகர்த்தி, மேக்ரோ லென்ஸ் (மிக அருகிலிருந்து படமெடுக்கும் லென்ஸ்) பூட்டிய டிஜிட்டல் கேமராவால் எடுப்பதே என் தேர்வு. ஃபிலிம் வைக்குமிடத்தில் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் கேமரா திரையின் நட்டநடுவில் விழும்வரை கேமராவைச் சரிசெய்யுங்கள். இல்லாவிடில் ஓரங்கள் மங்கும்.