சன்ஷேடு கம்பி மேலேயா கீழேயா? படம் காட்டிப் புரியவைக்க வழி உண்டா?

பாளை வாத்தியார்:
பாலிடெக்னிக்கில் சிவில் பையன்களுக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன் எடுக்கிறேன். பெண்டிங் மொமெண்ட் (பளு பீமை எவ்வளவு வளைக்கப் பார்க்கிறது என்ற கணக்கு) சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஜன்னலுக்கு மேல் வெளியே நீளும் சன்ஷேடுக்கு மெயின் கம்பி எங்கே வரும் என்றால், ‘மேலே’ என்று சொல்லாமல் பாதி வகுப்பு ‘கீழே’ என்கிறது. காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லை. எல்லார் கையிலும் போன் மட்டும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

வள்ளியூர் சைட்:
வாத்தியாரே, இணையத்தில் சன்ஷேடு படம் தேடாதீர்கள். எல்லாம் பூசிப் பெயிண்ட் அடித்தது, கம்பி எங்கே தெரியும்? கம்பி கட்டி முடித்த சாயங்காலம் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுங்கள். மறுநாள் காங்கிரீட் போடும்போது அதே இடத்தில் இன்னொன்று. சட்டி சுமப்பவர்கள் மிதித்து மிதித்து மேல்கம்பி பலகையோடு ஒட்டிக் கிடக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அப்புறம் ஸ்கைசிவ் மாதிரி இலவச பீம் கால்குலேட்டர். ஒரு முனை ஃபிக்ஸட் (அசையாமல் பிடித்தது), மறுமுனை சும்மா (தாங்கல் இல்லை). இரண்டடி நீட்டலை மூன்றடி ஆக்கச் சொல்லுங்கள்; பரவல் பளு (ஒவ்வோர் அடி நீளத்துக்கும் வரும் எடை) அதேதான், மொமெண்ட் 2.25 மடங்கு ஆகிவிடும். பீம் வளைவதைப் பார்த்தாலே மேல்பக்கம் இழுபடுவது தெரியும்; இழுபடும் பக்கம்தான் கம்பி. ஒன்று, மொமெண்ட் படத்தைச் சில தளங்கள் நம் புத்தகத்துக்குத் தலைகீழாக வரையும். முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் திரும்பவும் ‘கீழே’தான்.

ஜங்ஷன்காரி:
நம்ம திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்தை விட்டுவிட்டீர்களே அண்ணாச்சி! அதன் வில் ஒன்றைப் பக்கவாட்டில் எடுத்து ஜியோஜீப்ரா என்ற இலவசக் கணக்கு ஆப்பில் போட்டு, மேலே பரவளையம் வரைந்து எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்க்கச் சொல்லலாம். வில் அமுங்குகிறது, அடியில் அதன் இரு முனைகளையும் கட்டும் நாண் இழுபடுகிறது. எட்ட நின்று ஜூம் பண்ணி எடுக்கணும். கிட்டே நின்றால் கோடெல்லாம் கோணிவிடும். கூடவே தாமிரபரணி மேல் உள்ள சுலோசன முதலியார் பாலத்தையும் காட்டுங்கள். 1843இல் கட்டிய அந்த வளைவுகளில் கம்பியே கிடையாது, எல்லாம் அமுக்கம்தான்.

பாளை வாத்தியார்:
பெருமாள்புரத்தில் ஒரு வீட்டு வேலை நடக்கிறது, மேஸ்திரி சம்மதித்துவிட்டார். ஒரு சந்தேகம்: லிண்டலோடு (ஜன்னல் மேல் சுவரைத் தாங்கும் பீம்) சேர்ந்த சன்ஷேடுக்கு ஃபிக்ஸட் என்றே போடலாமா?

வள்ளியூர் சைட்:
வகுப்புக்குப் போடலாம். ஆனால் அதைப் பிடித்து வைத்திருப்பது லிண்டல் மேல் ஏறும் சுவரின் எடை. சுவர் ஏறுமுன் அடியில் கொடுத்த முட்டுக்கம்புகளைப் பிரித்தால் லிண்டலோடு சேர்ந்து கவிழும். கால்குலேட்டர் அதைக் காட்டாது. மேஸ்திரியையே பையன்களிடம் சொல்லச் சொல்லுங்கள்.