அத்தையோட முடக்குவாத மாத்திரை: எங்க வீட்டு குரூப்ல

பாக்கியம் அத்தை: தேவி இருக்கியாமா, நேத்து டாக்டர்ட்ட போனோம், முடக்குவாதம்தானாம், ரத்தத்துல ஆன்டி சிசிபின்னு முடக்குவாதத்த காட்டுற டெஸ்ட்டு ரொம்ப கூட இருக்காம். மெத்தோட்ரெக்சேட்னு 2.5 எம்ஜி எழுதிருக்காரு, மெடிக்கல்ல இருந்த பையன் தெனம் ராத்திரி ஒன்னு போடுங்கன்னான். இன்னும் ஆரம்பிக்கல

செல்வம் சித்தப்பா: அக்கா அத போடாதீங்க, கூகுள்ல பார்த்தேன் அது கேன்சர் மருந்து

தேவி: அத்தை நில்லுங்க நில்லுங்க!! தெனமும் போடவே கூடாது. சீட்டை போட்டோ எடுத்து போடுங்க

பாக்கியம் அத்தை: 📷

தேவி: பார்த்தீங்களா, ஞாயிறு மட்டும் 4 மாத்திரைன்னு தெளிவா எழுதிருக்காரு, அதாவது வாரத்துக்கே 10 எம்ஜிதான். இத தெனமும் போட்டா ரத்த அணு இறங்கிரும், வாயெல்லாம் புண்ணாயிரும், உயிருக்கே ஆபத்து. ஸ்ட்ரிப் மேலயே பேனாவால ஞாயிறுன்னு எழுதிருங்க. கூடவே ஃபோலிக் ஆசிட் 5 எம்ஜி இருக்குல்ல அத ஞாயித்துக்கிழமை விட்டுட்டு அவரு எழுதின நாள்ல போடுங்க, குமட்டலும் வாய்ப்புண்ணும் கம்மியாகும்

செல்வம் சித்தப்பா: அப்ப கேன்சர் மருந்து இல்லையா

தேவி: கேன்சருக்கும் குடுக்குறதுதான் சித்தப்பா, ஆனா அங்க அளவு எங்கயோ இருக்கும். முடக்குவாதத்துக்கு உலகம் பூரா மொதல்ல எழுதுறதே இதத்தான். நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டு சவ்வை அரிக்குது, அத அடக்குனாதான் எலும்பு தப்பிக்கும், வலி மாத்திரை வலிய மட்டும்தான் குறைக்கும். எங்க ஓபில பயந்து நிறுத்திட்டு விரலெல்லாம் கோணிப்போனப்புறம் வர்றவங்கள பார்க்குறப்போ வயிறு எரியுது

பாக்கியம் அத்தை: ஆனா காலைல டம்ளரே பிடிக்க முடியலமா, ஒரு மணி நேரம் ஆகுது விரல் மடங்க. இது எப்ப கேக்கும்

தேவி: 6 வாரத்துல இருந்து 12 வாரம் ஆகும் அத்தை. அதுவரைக்கும் தாங்கத்தான் சின்ன டோஸ்ல ஸ்டீராய்டு குடுத்துருக்காரு, அத அவரு சொல்ற மாதிரி குறைச்சுட்டே வரணும், நீங்களா பட்டுனு நிறுத்தக்கூடாது, நல்லாருக்கேன்னு வருஷக்கணக்கா ஓட்டவும் கூடாது, சுகர் ஏறும் எலும்பு தேயும்

செந்தில்: இது கேக்கலன்னா என்ன பண்ணுவாங்க? ஊசிலாம் சொல்றாங்களே, செலவு எவ்ளோ ஆகும்

தேவி: நேரா ஊசிக்கு போக மாட்டாங்க செந்தில். இதோட ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் சேர்ப்பாங்க, இல்ல லெஃப்ளுனமைடு. ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கு கண்ணு டெஸ்ட் எடுக்கணும், சல்ஃபாசலசின் போட்டா யூரின் ஆரஞ்சா போகும் பயப்படக் கூடாது. அதுக்கப்புறம்தான் அடாலிமுமாப் மாதிரி ஊசி, 2014ல இருந்தே நம்ம நாட்டு கம்பெனி தயாரிப்பும் வருது, ஆனாலும் கை கடிக்கும். டோஃபாசிட்டினிப்னு மாத்திரையும் இருக்கு. இந்த ஊசிக்கும் அந்த மாத்திரைக்கும் முன்னாடி டிபி டெஸ்ட் கட்டாயம், உள்ள தூங்கிட்டிருக்குற டிபி முழிச்சுக்கும்

செல்வம் சித்தப்பா: முடவாட்டுக்கால் கிழங்கு சூப் வச்சு குடிக்கலாம்ல

தேவி: சூப் குடிங்க சித்தப்பா, ஆனா மாத்திரைக்கு பதிலா இல்ல. பேர் போடாத பொட்டலத்துல சூரணம் தர்றாங்கல்ல அத மட்டும் தொடாதீங்க, சிலதுல ஸ்டீராய்டு கலந்து வச்சிருக்காங்க, ரெண்டே நாள்ல வலி பறந்துருச்சுன்னா சந்தேகப்படணும்

செந்தில்: ரத்த டெஸ்ட் எப்ப எடுக்கணும்

தேவி: ஆரம்பத்துல 2ல இருந்து 4 வாரத்துக்கு ஒரு தடவை ரத்த அணு, லிவர், கிட்னி. அப்புறம் 3 மாசத்துக்கு ஒருக்கா. காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சு வாங்குறது இதுல எது வந்தாலும் அடுத்த டோஸ் போடாம ஃபோன் பண்ணிருங்க. யூரின் இன்ஃபெக்ஷனுக்குன்னு கடைல கோட்ரைமாக்சசோல்னு ஆன்டிபயாடிக் குடுத்தா வேணாம்னு சொல்லுங்க, மெத்தோட்ரெக்சேட் கூட அது சேரவே கூடாது. மாமாட்டயும் சொல்லி வைங்க

பாக்கியம் அத்தை: சரிமா, ஸ்ட்ரிப்ல எழுதிட்டேன். ஞாயிறு காலைலயா ராத்திரியா

தேவி: ராத்திரி சாப்பிட்டுட்டு போடுங்க அத்தை, குமட்டுனாலும் தூக்கத்துல போயிரும்