ஜீனோம் தரவுக்குப் புது மொழி, புது ஃப்ரேம்வொர்க்: உங்கள் அனுபவம் என்ன? மூவரின் பதில்கள்

ஃபாஸ்ட்கியூ கோப்பில் (ரீடுகள், அதாவது கருவி படித்த டிஎன்ஏ துண்டுகள், தங்கள் தர மதிப்போடு இருக்கும் உரைக் கோப்பு) தரம் குறைந்த ரீடுகளைக் கழிக்கும் பழைய பெர்ல் ஸ்கிரிப்ட் ஒன்று எங்களிடம் இருந்தது. அதை ரஸ்ட் மொழியில் எழுதினோம். ஓட்டிப் பார்த்தால் பெரிய வேகம் ஒன்றும் இல்லை! ப்ரொஃபைலரில் பார்த்தபோது, நேரமெல்லாம் ஜிசிப் சுருக்கத்தைப் பிரிப்பதிலேயே கரைந்திருந்தது. சாதாரண ஜிசிப்பைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகத்தான் பிரிக்க வேண்டும். எத்தனை கோர் இருந்தும் சும்மாதான் நிற்கும். பிஜிசிப்பில் சுருக்கினால் 64 கிலோபைட்டுக்கு மிகாத துண்டுகளாக இருக்கும், த்ரெட்டுகளுக்குப் பங்கு போடலாம். அதன் பிறகே ரஸ்டின் வேகம் தெரிந்தது.

போனஸாக ஒரு பழைய பிழையும் சிக்கியது. '@' என்று தொடங்கும் வரியெல்லாம் புது ரீடு என்று பெர்ல் ஸ்கிரிப்ட் நம்பியிருந்தது. ஒவ்வொரு டிஎன்ஏ எழுத்தின் தரத்தையும் ஒரு குறியாக எழுதும் தர வரியும் '@'இல் தொடங்கலாம்: அதன் ஆஸ்கி எண் 64, 33 கழித்தால் தரம் 31. நல்ல தரம்தான் அது!

*

நான் வெப் பக்கத்து ஆள். பேம் கோப்பை (ரீடுகள் ஜீனோமில் எங்கே பொருந்துகின்றன என்ற பதிவு) பைதான் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜேங்கோவில் அப்லோடு செய்யவைத்து, சர்வரே படித்துப் படம் வரையும் தளம் ஒன்று என் கைக்கு வந்தது. கோப்பு பெரிதானால் டைம்அவுட்தான். ஃப்ரேம்வொர்க்கை மாற்றலாம் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. சாம்டூல்ஸ் என்ற கருவியில் சார்ட் செய்து, இண்டெக்ஸ் போட்டு, கோப்பை வெறும் ஸ்டாட்டிக் சர்வரில் வைத்தோம். உலாவியில் ஐஜிவி.ஜேஎஸ் என்ற ஜீனோம் வியூவர். அது முதலில் இண்டெக்ஸைப் படிக்கும், பிறகு ரேஞ்ச் கோரிக்கை வைத்துத் தேவையான பைட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். உலாவியின் நெட்வொர்க் டேபில் 206 (கேட்ட பகுதி மட்டும் வந்தது) வருகிறதா என்று பாருங்கள். 200 வந்தால் சர்வரோ நடுவில் ஏதோ ப்ராக்ஸியோ ரேஞ்சைக் கண்டுகொள்ளாமல் முழுக் கோப்பையும் தள்ளுகிறது என்று அர்த்தம். எங்களுக்கு இழுத்தடித்தது முழுக் கோப்பையும் நகர்த்தியதுதான், ஜேங்கோ அல்ல.

*

வேகத்தை விடுங்கள், எனக்கு ரஸ்ட் பிடித்ததே டைப்புக்காக. குரோமோசோமின் முதல் 100 பேஸ்கள் (டிஎன்ஏ எழுத்துகள்), ஜீனோமில் இடங்களைக் குறிக்கும் பெட் கோப்பில் 0, 100. அதே மாதிரி இடம் குறிக்கும் ஜிஎஃப்எஃப்பில் 1, 100. மரபணு மாறுபாடுகளைப் பதியும் விசிஎஃப்பும் 1இலிருந்துதான். பைதானில் எல்லாமே இன்ட் (வெறும் முழு எண்), ஒன்று தள்ளிப்போனாலும் சத்தமே வராது. ரஸ்டில் 0 கணக்கு, 1 கணக்கு இரண்டுக்கும் தனித்தனி டைப் வைத்துவிட்டேன், கலந்தால் கம்பைலே ஆகாது.

ஆனால் ஆர் மொழியில் இருக்கும் டிஈசெக்2 (மரபணுக்களின் செயல்பாட்டு வேறுபாட்டைக் கணக்கிடும் தொகுப்பு) மாதிரி புள்ளியியலை யாரும் திருப்பி எழுதக் கிளம்பாதீர்கள். எங்கள் ஃபாஸ்ட்ஏபிஐ (பைதான் வெப் ஃப்ரேம்வொர்க்) சர்வர், ஆர் ஸ்கிரிப்டைப் பின்னணி வேலையாக ஓட்டி, முடிவை ஜேசனாகக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.