பத்தாம் வகுப்பை வீட்டிலிருந்தே படிக்க வைக்கும் பெற்றோருக்கு

கேள்வி (கடலூர்): பதினான்கு வயது மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறேன். இயற்கணிதத்தில் நானே திணறும்போது, பிள்ளையின் எதிர்காலத்தோடு விளையாடுகிறோமோ என்ற அச்சம் தூங்கவிடுவதில்லை.

மறுமொழி (புதுச்சேரி): அஞ்சாதீர்கள் அம்மா. என் மகன், வீட்டிலிருந்தே படித்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) பதிந்து, ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுதாமல், 5 ஆண்டுகளுக்குள் தேர்வெழுத 9 வாய்ப்புகள் உண்டு என்ற தெம்பில் கணக்கைக் கடைசிக்கு வைத்துக்கொண்டான். கடற்கரைச் சாலையில் பழைய கலங்கரை விளக்கத்தின் உயரத்தை அதன் நிழலையும் நட்டுவைத்த ஒரு குச்சியையும் அதன் நிழலையும் அளந்து கண்டுபிடித்த அன்றுதான் வடிவொத்த முக்கோணம் அவனுக்குப் பிடிபட்டது (உண்மையில் எனக்கும்).

மறுமொழி (கடலூர் முதுநகர்): எல்லாவற்றையும் தாயே கற்பிக்க வேண்டியதில்லை, கணக்கிற்கு மட்டும் வாரம் இரு நாள் டியூஷன் வைக்கலாம்.

கேட்டவர்: நன்றி ஐயா. ஞாயிறன்று அளவு நாடாவோடு இங்குள்ள வெள்ளிக் கடற்கரைக்கு (சில்வர் பீச்) செல்கிறோம்; மகள் இப்போதே குச்சி தேடுகிறாள்.