‘பயோமார்க்கர்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், பம்பலப்பிட்டி:
இதய கிளினிக்குக்கு வருபவர்களுக்கான துண்டுப்பிரசுரம். சிங்களப் பிரதி அச்சகத்துக்குப் போய்விட்டது, தமிழ் வெள்ளிக்கிழமை போக வேண்டும். ட்ரொபோனினை அப்படியே எழுதிவிடலாம். அது, பிஎன்பி என்று இரத்தத்தில் அளந்து நோயை அறிய உதவும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பெயரான ‘பயோமார்க்கர்’தான் சிக்கல். ‘உயிரியல் குறிப்பான்’ சரியா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வெள்ளவத்தை:
தம்பி, ‘குறிப்பான்’ வினைமுற்று. ஆண்பால், எதிர்காலம். குருதிக்குள் யார் அந்த ஆண்மகன்? ‘உயிர்க்குறி’ என்றால் கொம்பும் காலும் நினைவுக்கு வரும். வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்றே இரண்டு அதிகாரம் வைத்தார், பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. முகம் பார்த்து அறிவதும் குறிப்பு, காதலியின் கண் பார்த்து அறிவதும் குறிப்பு. வைத்தியர் குருதி பார்த்து அறிவது மூன்றாவது. ஆகவே ‘குருதிக்குறிப்பு’.

தாதி, கொட்டாஞ்சேனை:
ஐயா, வார்ட்டில் ‘குறி’ என்று தொடங்கினால் ஆச்சிமார் கையை நீட்டுவார்கள், குறி சொல்ல வந்திருக்கிறோம் என்று. இளசுகள் வேறு காரணத்துக்குச் சிரிக்கும். ‘குருதி’யும் பாடப்புத்தகத்தில்தான். நாங்கள் எடுப்பது இரத்தம்.

விஞ்ஞான ஆசிரியை, மருதானை:
‘இரத்தத் தடயம்’?

தாதி:
டீச்சர், அது கொலைக் கேஸ்!

டொக்டர், தெஹிவளை:
தடயம், சான்று இரண்டும் வேண்டாம். இதயத் தசை சேதப்பட்டால் ட்ரொபோனின் இரத்தத்தில் கசியும், சில மணித்தியாலங்களில் ஏறும், ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கலாம். ஆனால் மாரடைப்பு இல்லாத சிறுநீரக நோயாளியிடமும் அது கூடியிருக்கும், இதயத் தசை அழற்சியிலும் கூடும். அதனால்தான் 1 முதல் 3 மணித்தியாலம் கழித்துத் திரும்ப இரத்தம் எடுத்து, அளவு மாறுகிறதா என்று பார்க்கிறோம். ஈசிஜியும் நெஞ்சுவலியின் கதையும் சேர்ந்தால்தான் முடிவு. பிஎன்பி வேறு, இதய அறைச் சுவர் இழுபடும்போது சுரப்பது. இதயம் பலவீனமா என்று பார்க்க உதவும். ரிப்போர்ட்டில் இலக்கத்தைக் கண்டதுமே அழுகிற குடும்பங்கள் உண்டு. தீர்ப்புச் சொல்கிற சொல்லைக் கொடுத்து இன்னும் பயமுறுத்தாதீர்கள்.

ஆசிரியை:
பிஎன்பியில் முதல் எழுத்து மூளையைச் சொல்கிறது, தெரியுமா? 1988இல் ஜப்பானியர் பன்றி மூளையில்தான் முதலில் கண்டார்கள். பெயர் பிழையாக இருந்தும் உலகம் முழுக்க வேலை நடக்கிறது.

தமிழாசிரியர்:
பிழையான பெயரை முன்மாதிரியாகக் காட்டுகிறீர்களே! யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் வைத்தியம் படிப்பித்தார். அமெரிக்கருக்கு இருந்த பொறுமை எங்களுக்கு இல்லை.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, அவருக்கு வெள்ளிக்கிழமை அச்சகம் இருக்கவில்லை. ‘இரத்தக் குறிகாட்டி’ என்று போடட்டுமா?

தாதி:
மறுபடியும் குறியா? சரி, பேப்பரில் ‘பொருளாதாரக் குறிகாட்டி’ வருகிறது, யாரும் சிரிக்கவில்லை. போகட்டும்.

டொக்டர்:
எனக்கும் சரி. அடியில் ஒரு வரி சேருங்கள்: இந்த அளவு கூடினாலே மாரடைப்பு என்று அர்த்தமில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
சேர்த்தாயிற்று. அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
‘குறி’ மிகை. லிட்மஸை வெறும் ‘காட்டி’ என்றுதானே படிப்பிக்கிறோம்? அடுத்த பதிப்பு எப்போது?