ஏ1 முதல் சி2 வரை: உங்கள் நிலை என்ன? அனுபவங்களைச் சொல்லுங்கள்

புது மொழி படிக்கும் எல்லாரும் கேட்பது "நான் இப்போ எந்த லெவல்?" என்பதுதான். மொழித்திறனை ஏ1 (தொடக்கம்), ஏ2, பி1, பி2, சி1, சி2 (உச்சம்) என்று ஆறு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். ஜெர்மன் பி1 தேர்வு எழுதிய அனுபவத்தைச் சொல்லி நான் தொடங்கி வைக்கிறேன்.

கோதே நிறுவனம் நடத்தும் ஜெர்மன் பி1 தேர்வில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு நான்கும் தனித்தனித் தொகுதிகள். ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுக்க வேண்டும். ஒன்று போனால் அதை மட்டும் மறுபடி எழுதலாம். நான் வாசிப்பில் மதிப்பெண் அள்ளினேன், கேட்டலில் தட்டுத்தடுமாறிக் கரையேறினேன். லெவல் என்ன என்று விசாரிப்பவர்களிடம் இரண்டையும் சேர்த்து "பி1" என்றுதான் சொல்கிறோம்.

பேச்சுத் தேர்வில் இன்னொருவருடன் ஜோடி. இருவரும் சேர்ந்து ஒரு திட்டம் போட வேண்டும். எங்களுக்கு வந்தது, மருத்துவமனையில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போவது. "சனிக்கிழமை போகலாமா?" என்றேன். "எனக்கு அன்னைக்கு வேலை இருக்கு, ஞாயிறு காலைல?" என்றார் எதிரில் இருந்த பெண். மனப்பாடம் செய்தது எதுவும் அங்கே கைகொடுக்காது. அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஞாயிறு காலை ஏன் சரிப்படாது என்று காரணம் சொல்லி, எதில் போவது, பூ யார் வாங்குவது என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும். இருவர் பேச்சிலும் இலக்கணம் அங்கங்கே இடறியது, ஆனால் பேச்சு நிற்கவில்லை. பி1 என்றால் இதுதான் என்று எனக்கு அந்த அறையில்தான் விளங்கியது.

*

என்னுடையது ஜப்பானிய மொழி. அதன் திறன் தேர்வான ஜேஎல்பிடியில் என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகள், நான் எழுதியது மேலிருந்து இரண்டாவதான என்2. 180க்கு 90 வேண்டும், அதோடு மூன்று பிரிவிலும் 60க்கு 19 ஆவது வேண்டும். ஆனால் இந்தத் தேர்வில் பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. எதிர்முனையில் முழுக்க மரியாதை நடை. அவர் கேட்பது ஒவ்வொரு சொல்லும் புரிகிறது, பதில் மட்டும் வாய்க்கு வரவில்லை. "சற்றுக் காத்திருங்கள்" என்று சொல்லிப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். சான்றிதழ் பொய் சொல்லவில்லை, அது என் பேச்சை அளக்கவே இல்லை. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் என்2 என்று பார்த்ததும் நிறுத்திவிடாமல் ஐந்து நிமிடம் பேசிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

*

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. நான் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன், இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் மொத்தம் 100க்கு 50, ஒவ்வொரு திறனிலும் 25க்கு 5 இருந்தாலே தேர்ச்சி. அதனால் வாசிப்பில் வலுவானவர் பேச்சில் திணறினாலும் பி2 வாங்கிவிடலாம். அப்படி வாங்கிய மாணவி ஒருவர் சான்றிதழோடு வந்து "எனக்கு ஏன் பேச வரல?" என்று கண் கலங்கினார். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை.

ஐரோப்பிய கவுன்சில் 2001இல் இந்த ஆறு நிலைகளை வெளியிட்டபோதே, சுயமதிப்பீட்டு அட்டவணையில் கேட்டல், வாசிப்பு, உரையாடல், தொடர்ந்து பேசுதல், எழுத்து என்று ஐந்தையும் தனித்தனியாகத்தான் வைத்தது. எல்லாமே "என்னால் இதைச் செய்ய முடியும்" என்ற வாக்கியங்கள். அந்த மாணவியை அதை நிரப்பச் சொன்னேன். வாசிப்பு பி2, உரையாடல் ஏ2 என்று அவரே குறித்தார். அதன்பின் இலக்கணப் பயிற்சியை ஓரங்கட்டிவிட்டு, ஒரு கருத்தைச் சொல்லி அதற்காக வாதாடும் பயிற்சி மட்டும் கொடுத்தேன். பி2 பேச்சுத் தேர்வு கேட்பதும் அதைத்தான்.

*

சி1 எழுதியவன் என்ற முறையில் ஒன்று. பி1இலிருந்து பி2 போகும் தூரம், ஏ1இலிருந்து ஏ2 போனதைவிட மிக நீளம். அங்கே நிற்பவர்கள் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சி2 என்றால் தாய்மொழிக்காரர் போல என்றும் பயப்பட வேண்டாம், அந்த நிலை அப்படி வரையறுக்கப்படவில்லை.

*

பிரெஞ்சு ஆசிரியர் சொன்ன அட்டவணையை, இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்த நானும் நிரப்பினேன். எனக்கு உரையாடல் பி1, கேட்டல் ஏ2. இனி தினமும் ஜெர்மன் வானொலிதான். மற்றவர்களும் ஐந்தையும் தனித்தனியாகக் குறித்துப் போடுங்கள்.