சுபிடைசிங்: 'நோக்கறிதல்' எனலாமா?

> 'விரைவெண்ணல்' என்றே ஆசிரியர் கையேட்டில் போட்டுவிடலாமே? பார்த்ததும் விளங்கும்.

வணக்கம் ஐயா,

விளங்கும், ஆனால் தவறாக விளங்கும். மூன்று புள்ளிகளைப் பார்த்ததும், எண்ணாமலே, மூன்று என்று அறிவதுதான் சுபிடைசிங் (subitizing). பெயரிலேயே 'எண்ணல்' இருந்தால் ஆசிரியர் புள்ளி அட்டையைக் காட்டி "வேகமா எண்ணுங்க" என்பார். பிள்ளைகள் விரலை நீட்டுவார்கள். அட்டையை இரண்டு நொடியில் மறைப்பது வேகத்தைச் சோதிக்க அல்ல, எண்ண இடம் கொடாதிருக்க. ஆகவே வேகத்தைச் சுட்டும் 'நொடியறிதல்' என்ற பெயரும் வேண்டாம்.

'எண்ணாதறிதல்' துல்லியம்போலத் தோன்றும். ஆனால் எண்ணுதல் என்றால் நினைத்தலும்தானே! யோசிக்காமல் சொல்வது என்றாகிவிடும். 'கண்மதிப்பு' என்றால் தோராயமாக மதிப்பிடுவது என்று கொள்வார்கள்.

என் பரிந்துரை நோக்கறிதல். ஆங்கிலச் சொல்லை 1949இல் ஆக்கியவர்கள் 'திடீர்' என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து எடுத்தார்கள். நாமும் அந்த வழியே போக வேண்டியதில்லை. நோக்கறிதல் வினையாகவும் வரும்: "மூன்றை நோக்கறிகிறாள்". புள்ளி அட்டை 'நோக்கட்டை' ஆகும். நான்கு வரை ஒரே பார்வையில் பிடிபடுவது நேர்நோக்கறிதல். ஐந்தை மூன்றும் இரண்டுமாகக் கண்டு சேர்ப்பது கூட்டுநோக்கறிதல்.

நோக்கட்டை பற்றியும் கையேட்டில் எழுத வேண்டும். எல்லா அட்டையிலும் ஆறுபக்கப் பகடையின் புள்ளியமைப்பையே போட்டால் பிள்ளை படத்தை மனப்பாடம் செய்யும். நடுப்புள்ளியை நகர்த்தினால் ஐந்து தெரியாது. ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுக்கு நான்கு அமைப்பு, மொத்தம் 20 அட்டை போதும். புள்ளி எல்லாம் ஒரே அளவானால் கறுப்பு கூடக்கூட எண்ணும் கூடுகிறது என்று பிள்ளை கண்டுகொள்ளும். எனவே மூன்று பெரிய புள்ளி, ஐந்து சிறிய புள்ளி என்று சிலவற்றைக் கலக்க வேண்டும். சிறியதும் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும். ஐந்து புள்ளியை ஒரே வரிசையில் வைத்தால் எண்ணத்தான் தோன்றும். மூன்று புள்ளி ஒரு நிறம், இரண்டு வேறு நிறம் என்ற இருநிற அட்டை தொடக்கத்துக்கு நல்லது, ஆனால் பிரிக்கும் வேலையை நிறமே செய்துவிடுவதால் அடுத்து ஒருநிற அட்டைக்கு வந்துவிட வேண்டும். ஆறு முதல் பத்து வரையுள்ள எண்களுக்கு, வரிசைக்கு ஐந்தாக இரு வரிசைக் கட்டத்தில் புள்ளிகளை வைக்கலாம்.

"எத்தனை?" என்றதும் "எப்படித் தெரிந்தது?" என்று கேட்கச் சொல்லுங்கள். "மூணும் ரெண்டும்" என்ற விடை வந்தால்தான் கூட்டுநோக்கறிதல் நடந்தது தெரியும்.

'கூட்டு' என்பதைக் கூட்டல் கணக்கு என்று கொள்வார்களோ என்ற ஐயம் உண்டு. 'பகுத்துநோக்கறிதல்' நீளம், ஆனால் குழப்பாது. எது தேறும்?